டேஷ்போர்டில் ஓடும் அந்த எண்

மூன்று மாதமாக டேஷ்போர்டில் தெரியும் மைலேஜ் எண்ணைப் பார்த்துப் பார்த்து ஓட்டுகிறேன். கிண்டியிலிருந்து சோழிங்கநல்லூர், அதே வண்டி, அதே நெரிசல். முன்பு லிட்டருக்கு 13 கிலோமீட்டர், இப்போது 15.5. பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டி விற்கும்போது இது எனக்குப் பெரிய நிம்மதி.

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. வழியில் வரும் எஸ்ஆர்பி டூல்ஸ் சந்திப்புப் பக்கம் வண்டிகள் தேங்குவது தூரத்தில் தெரிந்ததுமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவேன். கியரிலேயே வண்டி உருளும்போது இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் அதை நிறுத்திவிடும். கடைசி நொடிவரை மிதித்துவிட்டு பிரேக் அடிப்பதில்தான் காசு கரைகிறது.

சிக்னலில் இன்ஜின் தானாக அணையும் வசதியையும் இப்போது ஆஃப் செய்வதில்லை. ஆனால் மே மாத வெயிலில் அதை ரொம்ப நம்ப முடியாது, ஏசி கம்ப்ரசருக்காக இன்ஜின் சீக்கிரமே எழுந்துவிடும். டிசம்பர், ஜனவரியில்தான் முழுப் பலன்.

அப்புறம், ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) மணிக்கு 100 கிலோமீட்டருக்குப் பதில் 80-ல் போனால் காற்றின் எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைத்திருக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் இருந்தால் அங்கே போட்டுப் பாருங்கள்.

டயர் எச்சரிக்கை விளக்கு எரியட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். காற்று நன்றாக இறங்கிய பிறகுதான் அது எரியும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் வண்டிக்குக் காற்று பார்த்தேன், நான்கு டயரிலும் குறைவு.