சோசியாலஜி முதல் பேப்பரை ப்ராஜெக்ட் கோர்ஸா மாத்தின கதை (மூணாவது தடவைதான் ஒழுங்கா நின்னுச்சு)

முதல் தடவை சோசியாலஜி அறிமுக பேப்பரை என் கையில குடுத்தப்போ, டெக்ஸ்ட்புக் பொருளடக்கத்தை எடுத்து 14 வாரத்துக்கு வெட்டிப் போட்டேன், கலாச்சாரம் ஒரு வாரம், சமூகமயமாதல் ஒரு வாரம், அடுக்கமைவு ரெண்டு வாரம், கடைசியில 30 மார்க்குக்கு ஒரு ப்ராஜெக்ட். சிலபஸ்ல ப்ராஜெக்ட் பேஸ்டுன்னு பெருமையா போட்டும் ஆச்சு. 60 பேர், 15 குரூப், வந்தது என்னன்னா "ஊடகமும் சமூகமும்", "பாலின சமத்துவமின்மை"ன்னு 15 ஃபைல், அட்டையை மாத்தி வச்சா யாருது எதுன்னே தெரியாது. பசங்களத் திட்ட முடியல. தலைப்பை அவ்ளோ பெருசா குடுத்தா இன்டர்நெட்ல இருந்து வெட்டி ஒட்டாம வேற என்ன பண்ணுவாங்க, நான் கேட்டதே நீளமான கட்டுரை, அதுக்கு ப்ராஜெக்ட்னு பேர் மட்டும் வச்சிருந்தேன்.

ரெண்டாவது தடவை பேக்வர்ட் டிசைன்னு ஒண்ணு படிச்சேன், விக்கின்ஸ், மெக்டைன்னு ரெண்டு கல்வியாளர்கள் 1998ல புத்தகமா போட்டது. விஷயம் சிம்பிள்தான், கோர்ஸ் முடியறப்போ பசங்களுக்கு என்ன செய்யத் தெரியணும்னு முதல்ல எழுது, அதை எப்படி செக் பண்ணுவேன்னு அடுத்து எழுது, பாடம் அதுக்கப்புறம். உக்காந்து எழுதினா எனக்கு ஒரே ஒரு வரிதான் வந்துச்சு: தினமும் பாக்குற ஒரு விஷயத்தை எடுத்து, அதுல ஒரு கேள்வி கேட்டு, தானே டேட்டா எடுத்து, அந்த டேட்டா எவ்ளோ தாங்கும் எவ்ளோ தாங்காதுன்னு சொல்லணும். இந்த வரிக்கு 12 சாப்டர் தேவையே இல்ல. 6 சாப்டரை தூக்கிட்டேன். "அப்போ மதம், கல்வி எல்லாம் யார் நடத்துறது"ன்னு டிபார்ட்மென்ட்ல கேட்டாங்க, நியாயமான கேள்விதான், என்கிட்ட பதில் இல்ல, அடுத்த பேப்பர்ல வரும்னு சமாளிச்சேன்.

பெரிய ப்ராஜெக்ட் ஒண்ணுக்கு பதிலா சின்னதா மூணு வச்சேன். முதலாவது ஒரு மணி நேரம் ஒரே இடத்துல உக்காந்து கவனிக்கிறது. நோட்ல நடுவுல ஒரு கோடு, இடது பக்கம் கண்ணால பாத்தது, வலது பக்கம் நீ யூகிச்சது. "அவர் கோவமா இருந்தார்"னு இடது பக்கம் எழுதிட்டு வருவாங்க. கோவத்தை எங்க பாத்தேன்னு கேப்பேன். யோசிச்சுட்டு, "மூணு தடவை வாட்சைப் பாத்தார், பையை கீழ வச்சு வச்சு எடுத்தார்"னு மாத்தி எழுதுவாங்க. லிஃப்ட்ல கவனிச்ச ஒரு குரூப், உள்ள வர்றவங்க ஒருத்தரை ஒருத்தர் ஒரு செகண்ட் பாத்துட்டு உடனே நம்பர் போர்டைப் பாக்கப் போயிடறாங்கன்னு எழுதியிருந்தாங்க. அதுக்கு காஃப்மேன்னு ஒரு சமூகவியலாளர் 1963லயே சிவில் இன்அட்டென்ஷன், அதாவது பாத்தும் மரியாதைக்கு கண்டுக்காம இருக்குறதுன்னு பேர் வச்சிருக்கார்னு சொன்னப்போ அவங்க முகத்தைப் பாக்கணும்! அதே வார்த்தையை போன வருஷம் போர்டுல எழுதி விளக்குனப்போ பாதிப் பேர் தூங்கிட்டு இருந்தாங்க. பசங்க எதையாவது பாத்துட்டு வந்து பேர் இல்லாம முழிக்கிறப்போதான் தியரியைத் திறக்கணும்னு அன்னைக்குதான் உறைச்சுது, அதுக்கப்புறம் வாரக் கணக்கையே தலைகீழா மாத்திட்டேன், முதல்ல வேலை, அப்புறம்தான் லெக்சர்.

ரெண்டாவது ப்ராஜெக்ட்ல நான் வாங்கிக் கட்டிக்கிட்டேன். கார்ஃபிங்கல்னு ஒரு சமூகவியலாளர், சொல்லாம இருக்குற விதிகளை உடைச்சுப் பாத்தா என்ன ஆகும்னு பாக்க, தன் மாணவர்களை வீட்டுல கால் மணியில இருந்து ஒரு மணி நேரம் வரைக்கும் வாடகைக்கு தங்கியிருக்குறவங்க மாதிரி நடந்துக்க சொன்னார், 1967ல வந்த அவர் புத்தகத்துல இருக்கு, அதை அப்படியே குடுத்துட்டேன். வீட்டுல இருந்தவங்க பல பேர் கோவப்பட்டு கலங்கிப் போனதா அவரே எழுதியிருக்கார், படிச்சிருந்தும் எனக்கு உறைக்கல. ஒரு பொண்ணோட அம்மா, மகளுக்கு தன் மேல என்னமோ வருத்தம்னு நினைச்சு ராத்திரி முழுக்க தூங்கல. மறுநாள் அந்தப் பொண்ணு க்ளாஸ்ல வந்து சொன்னப்போ எனக்கு வாய் வரல. அடுத்த தடவை விதியை உடைக்கிற வேலையைத் தூக்கிட்டேன். தானா உடையற விதியைக் கண்டுபிடி, அதை மத்தவங்க எப்படி சரி பண்றாங்கன்னு எழுது, அவ்ளோதான். எத்திக்ஸ் பாடத்தையும் 10வது வாரத்துல இருந்து ரெண்டாவது வாரத்துக்கு கொண்டு வந்தேன், 1970ல வந்த ஹம்ஃப்ரீஸ் ஆய்வை வச்சு. பொதுக் கழிப்பறைகள்ல ரகசியமா சந்திக்கிற ஆண்களை கவனிச்சு, கார் நம்பரைக் குறிச்சு வச்சு, ஒரு வருஷம் கழிச்சு சர்வேக்காரர் மாதிரி அவங்க வீட்டுக்கே போனவர் அவர். க்ளாஸ் ரெண்டா பிரிஞ்சு சண்டை போட்டுச்சு, நான் வாயே திறக்கல.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது, டைம் டைரி. வீட்டுல ஒருத்தர்கிட்ட அனுமதி வாங்கி அவங்களோட ஒரு நாளை 30 நிமிஷக் கட்டமா, மொத்தம் 48 கட்டம், நிரப்பணும், பேர் போடக் கூடாது. ஈசின்னு நினைச்சாங்க. எண்ண ஆரம்பிச்சப்போதான் சண்டை. "மேம், பையனுக்கு ஹோம்வொர்க் சொல்லிக் குடுத்துட்டே சமைக்கிறாங்க, எந்தக் கணக்குல போடுறது?" ஒரு குரூப் சமையல்ல போட்டுச்சு, இன்னொண்ணு குழந்தை வளர்ப்புல போட்டுச்சு, ரெண்டு குரூப்போட மொத்தமும் எங்கயோ போய் நின்னுச்சு. நேரக் கணக்கு ஆய்வு பண்றவங்க இதுக்குதான் முதன்மை வேலை, கூடவே நடக்குற வேலைன்னு ரெண்டு தனி வரிசை வைப்பாங்க, ஆனா அதை நான் ஒரு நாள் முழுக்க சொல்லவே இல்ல, அடிச்சுக்கட்டும்னு விட்டேன். அப்புறம் ஒரு பையன் கேட்டான், அம்மா ஒரு அரை மணிக் கட்டத்துல "சும்மா இருந்தேன்"னு எழுதச் சொன்னாங்க, ஆனா நான் பாத்தப்போ துணி மடிச்சுட்டு இருந்தாங்க, இப்போ யார் சொல்றது டேட்டா? மில்ஸ்னு ஒரு சமூகவியலாளர் 1959ல எழுதினதை அங்கதான் எடுத்தேன், 1 லட்சம் பேர் இருக்குற ஊர்ல ஒருத்தருக்கு மட்டும் வேலை இல்லேன்னா அது அவர் கஷ்டம், 5 கோடி பேர் வேலை பாக்குற நாட்டுல 1.5 கோடி பேருக்கு இல்லேன்னா அது பொதுப் பிரச்சனை. க்ளாஸ்ல பாதி டைரியில அந்த "சும்மா" இருந்துச்சு, அதனால நான் மேல விளக்கவே வேண்டியிருக்கல.

மார்க் விஷயம் சுருக்கமா சொல்லிடறேன். குரூப்ல யார் எவ்ளோ உழைச்சாங்கன்னு அவங்களையே மார்க் போட வச்சேன், எல்லாரும் எல்லாருக்கும் 10க்கு 10. வேஸ்ட். இப்போ டேட்டா குரூப்புக்கு பொது, ஆனா அதை வச்சு ஒவ்வொருத்தரும் தனியா க்ளாஸ்லயே கையால ஒரு பக்கம் எழுதணும், வேலை செய்யாதவங்க நாலாவது வரியில மாட்டிப்பாங்க. திருத்துறதுதான் கஷ்டம், 60 பேர், மூணு ப்ராஜெக்ட், 180 பக்கம், அதனால முதல் ப்ராஜெக்ட்டுக்கு மார்க்கே கிடையாது, கமென்ட் மட்டும்.

இன்னும் சரியாகாதது கேள்வியை சின்னதாக்குற வாரம். "போன் சமூகத்தை எப்படி பாதிக்குது"ன்னுதான் இன்னும் வர்றாங்க, அதை "லைப்ரரி வாசல்ல தனியா நிக்கிறவங்க எத்தனையாவது நிமிஷத்துல போனை எடுக்குறாங்க"ங்கிற வரைக்கும் இறக்க ஒரு குரூப்புக்கு அரை மணி நேரம் போகுது, 15 குரூப்புன்னா நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. அடுத்த டேர்ம் ஒரு குரூப்போட கேள்வியை இன்னொரு குரூப் வெட்டட்டும்னு விடப் போறேன்.