நான்காவது புரூஃபில் மழை நேராக நின்றது

நேற்று சாயங்காலம் ஈரோட்டு பிரஸ்ஸிலிருந்து என் கிணற்றுக் கணக்குப் புத்தகத்தின் நான்காவது புரூஃப், அதாவது திருத்திப் பார்க்கும் அச்சுப்படி, வந்தது. உறையைப் பிரித்ததும் முதல் பக்கம்கூடப் பார்க்கவில்லை, நேராகப் பதினேழாம் பக்கம்தான். அங்குள்ள வரைபடத்தின் வலது ஓரத்தில் ‘மழை (மி.மீ.)’ என்று இருந்தது. சங்கிலிக்கொம்பு, அதாவது ஐகாரக் குறி, ழகரத்துக்கு முன்னால், அது நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. இதற்காக நான் செலவழித்தது ஏழு வாரம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

புதிதாக வருகிறவர்களுக்காக இரண்டு வரி. கோபி பக்கம் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் எங்கள் தோட்டம். 2019 தையிலிருந்து கிணற்று நீர்மட்டத்தையும் மழையையும் நோட்டில் எழுதி வருகிறேன். மழையை வானிலைத் துறைக் கணக்குப்படி காலை 8.30க்கு அளப்பது வழக்கம். அந்த நோட்டைச் சின்னப் புத்தகமாக அச்சடித்து வாய்க்கால்கரைக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு ஆசை. வாய்க்காலுக்கு கான்கிரீட் போட்டால் கிணற்றுக்குக் கசிவு நின்றுவிடுமே, போடலாமா கூடாதா என்று டீக்கடையில் நாள் தவறாமல் சண்டை நடக்கிற ஊர். தண்ணீர் திறந்தபின் கிணறு எத்தனை நாளில் எத்தனை அடி ஏறுகிறது என்பதை ஒரு படமாகக் காட்டினால், சண்டையாவது கொஞ்சம் விவரமாக நடக்கும் அல்லவா.

புத்தகத்தின் அளவு டெமி எட்டில் ஒன்று. எழுத்து விழும் அகலம் 10.5 செ.மீ. இந்தப் பத்தரை சென்டிமீட்டரைக் கடைசியில்தான் யோசித்தேன். முதலில் யோசித்திருந்தால் இரண்டு புரூஃப் மிச்சமாகியிருக்கும்.

முதல் புரூஃப் வெட்கக்கேடு. மேட்பிளாட்லிப் என்ற வரைபட நிரலில் வரைந்து, திரையில் வந்த படத்தை அப்படியே சேமித்து ஆவணத்தில் ஒட்டினேன். ஒன்றும் மாற்றாவிட்டால் அது 6.4 அங்குல அகலத்துக்கு 640 புள்ளிதான் தரும். 10.5 செ.மீ.க்கு, அதாவது 4.13 அங்குலத்துக்குச் சுருக்கினால் அங்குலத்துக்கு 155 புள்ளி. அச்சுக்கு 300 வேண்டும், கோட்டுப் படத்துக்கு அதுவும் போதாது. போதாக்குறைக்கு என் ஆவண மென்பொருள் பிடிஎஃப் ஆக்கும்போது படத்தை ஜேபெக் ஆக்கிவிட்டது. கோட்டைச் சுற்றிக் கொசு மொய்த்த மாதிரி அழுக்கு. பிடிஎஃப் ஆக்கும்போது திறக்கிற டப்பாவில் ‘இழப்பில்லாமல்’ என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதை அப்போது நான் பார்க்கவே இல்லை. எழுத்து அளவு பத்துப் பாயிண்ட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படத்தோடு எழுத்தும் சுருங்கி, தாளில் வந்தது ஆறரைப் பாயிண்ட். அப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சரி, படத்தின் அகலத்தையே 4.13 அங்குலம் என்று வைத்து, 600 புள்ளியில் பிஎன்ஜியாக எடுத்து, எழுத்தை ஒன்பது பாயிண்டாக்கினேன். கோடு கத்தி மாதிரி வந்தது. அந்தத் தெம்பில் அச்சுப் பெயர்களையெல்லாம் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றினேன். வினை அங்கேதான் ஆரம்பம்.

பிரஸ்ஸில் டிடிபி, அதாவது கணினியில் பக்கம் கோக்கும் வேலை, பார்க்கும் அண்ணன் போன் பண்ணினார். “ஏனுங்க, இதென்ன எழுத்தெல்லாம் முன்னும் பின்னும் கிடக்குதுங்க? படிச்சுப் பாத்துத்தான் அனுப்புனீங்களா?”

படித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன். கோட்டை மட்டும் பார்த்திருக்கிறேன், எழுத்தைப் பார்க்கவில்லை. ‘மழை’ என்ற சொல்லில் ‘மழ’ வந்து, அதற்குப் பின்னால் ஐகாரக் கொம்பு தனியாக நின்றது. ‘அணை’க்கும் அதே கதி. ‘தேதி’யில் இரட்டைக்கொம்பு தகரத்துக்கு வலப்பக்கம் போய் அடுத்த தகரத்தோடு ஒட்டிக்கொண்டது. ‘கிணறு’ ஓரளவு தேறியது, ஆனால் றுவின் சுழி சேராமல் ற ஒரு பக்கம், உகரக் குறி ஒரு பக்கம். எனக்கு வேண்டியதே நாலைந்து சொல்தான், அத்தனையும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினதுபோல் கோளாறான சொற்கள்.

காரணம் எளிது. யூனிகோடில் ‘ழை’ என்று சேமிக்கும்போது முதலில் ழ, அடுத்து ஐகாரக் குறி என்றுதான் இருக்கும். திரையில் காட்டும்போது கொம்பை இடப்பக்கம் தூக்கி வைப்பதும், ட-வும் இகரமும் சேர்ந்தால் ‘டி’ என்று ஒரே வடிவம் கொடுப்பதும் எழுத்துக் கோக்கும் நிரலின் வேலை. பிரவுசரிலும் போனிலும் அது சத்தமில்லாமல் நடந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. என்னிடம் இருக்கும் பழைய மேட்பிளாட்லிப் அந்த வேலையைச் செய்யாமல், வந்த வரிசைப்படி ஒவ்வொன்றாக வைத்துவிட்டுப் போகிறது. பாவம், அதைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. ஜான் ஹண்டர் என்கிற நரம்பியல் ஆய்வாளர் வலிப்பு நோயாளிகளின் மூளை அலைகளைப் பார்க்கத் தொடங்கிய வேலை அது, 2003இல் வெளிவந்தது. கோபிக்காரன் ஒருவன் ‘அணை’ என்று எழுதுவான் என்று அவர் எங்கே கண்டார்.

ஒரு குறுக்கு வழி கிடைத்தது. எஸ்விஜி என்ற கோட்டுவடிவக் கோப்பாகச் சேமிக்கும்போது எழுத்தை வடிவமாக மாற்றாமல் எழுத்தாகவே விடச் சொல்லலாம். ‘எஸ்விஜி டாட் ஃபாண்ட்டைப்’ என்ற அமைப்புக்கு ‘நன்’ என்று கொடுத்தால் போதும். அப்போது கோக்கிற வேலையைத் திறக்கிற மென்பொருள் பார்த்துக்கொள்ளும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்தேன், மழையும் அணையும் அழகாக வந்தன. அன்றைக்கு ராத்திரி பதினொன்றரைக்கு அம்மாவை எழுப்பிக் காட்டினேன். “போய்த் தூங்கு கண்ணு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதையே பிரஸ்ஸுக்கு அனுப்பினேன். மூன்றாவது புரூஃபில் தமிழ் இருந்த இடமெல்லாம் கட்டம் கட்டமாக வெறும் பெட்டி. எழுத்தை எழுத்தாகவே அனுப்பினால் அந்த எழுத்துரு அவர்கள் கணினியிலும் இருக்க வேண்டும் அல்லவா? அவர்கள் பழைய காலத்துத் தமிழ் எழுத்துருக்களை வைத்துத்தான் இன்றைக்கும் கல்யாணப் பத்திரிகை முதல் கட்சி நோட்டீஸ் வரை அடிக்கிறார்கள், யூனிகோடுக்கும் அவர்களுக்கும் ஆகாது. அண்ணன் ஒரே வரியில் முடித்துவிட்டார். “எழுத்தைக் கர்வ் பண்ணிக் குடுத்துருங்க, மத்தத நான் பாத்துக்கறேன்.”

கர்வ் பண்ணுவது என்றால் எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றிவிடுவது. இங்க்ஸ்கேப்பிலேயே முடியும். ஆனால் என்னிடம் இருபத்திரண்டு படம், ஒவ்வொரு முறை தரவைத் திருத்தும்போதும் இருபத்திரண்டையும் கையால் திறந்து மாற்ற வேண்டும். அதற்குப் பதில் வேருக்கே போகலாம் என்று குனுபிளாட் என்ற வேறொரு வரைபட நிரலுக்கு மாறினேன்.

குனுபிளாட் 1986இல் வந்தது, என்னைவிட மூத்தது. பெயரில் ‘குனு’ இருந்தாலும் குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கட்டளை மொழி கரடுமுரடு. ஆனால் ‘பிடிஎஃப் கெய்ரோ’ என்ற வெளியீட்டு முறையில் எழுத்தைப் பாங்கோ நூலகம் கோக்கிறது, அதற்குத் தமிழ் தெரியும். நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைக் கொடுத்தேன். முதல் ஓட்டத்திலேயே ‘மழை’ நேராக வந்தது. அகலத்தைச் சென்டிமீட்டரிலேயே சொல்லலாம், 10.5க்கு 6.5. பிடிஎஃப் என்பதால் புள்ளிக் கணக்கும் வேண்டாம், எத்தனை பெரிதாக்கினாலும் கோடு கோடுதான்.

ஆனால் எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. ஒன்பது பாயிண்ட் என்று எழுதியிருக்கிறேன். பத்தாக்கினேன், பன்னிரண்டாக்கினேன், கொஞ்சம்தான் மாறியது. இரண்டு ராத்திரி இதற்கே போனது. எழுத்துருவில் கோளாறோ என்று வேறு மூன்று எழுத்துரு போட்டுப் பார்த்தேன். காகிதத்தில் அடித்து ஸ்கேல் வைத்து அளந்தால் கேட்டதில் சரிபாதி. கடைசியில் ‘ஷோ டெர்மினல்’ என்று கேட்டபோதுதான் அதுவே வாய் திறந்தது: ‘ஃபாண்ட்ஸ்கேல் 0.5’. இந்த வெளியீட்டில் எழுத்தைப் பாதியாக்குவதுதான் இயல்பு நிலையாம். ஃபாண்ட்ஸ்கேல் 1 என்று ஒரு சொல் சேர்த்தேன், தீர்ந்தது. இதைப் படிக்கிற ஒருவருக்காவது அந்த இரண்டு ராத்திரி மிச்சமானால் சரி.

கர்வ் வேலையைக் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பிடிஎஃப் நிரல் செய்துவிடுகிறது. ‘நோ அவுட்புட் ஃபாண்ட்ஸ்’ என்ற குறிப்பைச் சேர்த்து ஓட்டினால் பிடிஎஃபில் உள்ள எழுத்தெல்லாம் வடிவமாகிவிடும். இருபத்திரண்டு படமும் ஒரே சுற்றில், ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் முடிந்தது. ஒற்றைக் கலர் வேலை என்பதால் அதே ஓட்டத்தில் சாம்பல் நிறத்துக்கும் மாற்றிவிட்டேன்.

சாம்பல் என்றதும் ஒன்று. மேட்பிளாட்லிப்பின் இயல்பான நீலம், பச்சை, சிவப்பு மூன்றையும் ஒளிர்வுக் கணக்குப் போட்டால் 255க்கு (0 கறுப்பு, 255 வெள்ளை) 100, 112, 91 வருகிறது. கறுப்பு வெள்ளையில் மூன்றும் ஒரே அழுக்குச் சாம்பல். திரையில் கலர் கலராகப் பார்த்துக்கொண்டிருந்ததால் உறைக்கவில்லை. இப்போது எல்லாமே கறுப்பு, எங்கள் கிணறு முழுக்கோடு, மேலைத் தோட்டத்துக் கிணறு விட்டு விட்டு. பின்னால் ஓடும் கட்டக் கோடுகளை மென்மையாக இருக்கட்டும் என்று வெளிர்சாம்பலில் போட்டிருந்தேன். ஆஃப்செட்டில் சாம்பல் என்று ஒரு மை கிடையாது, கறுப்பைப் புள்ளி புள்ளியாக உடைத்துத்தான் அடிப்பார்கள். மெல்லிய கோடு உடைந்தால் பொடி தூவின மாதிரி ஆகிவிடும். அதையும் முழுக்கறுப்பில், அரைப் பாயிண்ட், புள்ளிக்கோடாக மாற்றினேன். அரைக்குக் கீழே போகாதீர்கள், பிளேட்டில் நிற்காது என்று அண்ணன் சொன்னார்.

படத்தின் அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன். எங்கள் கிணறு 68 அடி. அளப்பது மேட்டிலிருந்து கீழே என்பதால் அச்சையும் தலைகீழாக்கிவிட்டேன், மேலே 0, கீழே 68. கோடு மேலே ஏறினால் தண்ணீர் மேலே ஏறுகிறது, யாருக்கும் விளக்க வேண்டாம். மழையை வலப்பக்க அச்சில் தலைகீழாகக் கொடுத்ததால் குச்சிகள் படத்தின் உச்சியிலிருந்து தொங்குகின்றன, மேகத்திலிருந்து இறங்குவதுபோல. முதலில் பட்டையாகப் போட்டிருந்தேன். 70 ஜிஎஸ்எம் தாளில் அந்தப் பட்டை பின்பக்கத்தில் நிழலடித்தது. அதனால் ‘இம்பல்ஸ்’ என்ற மெல்லிய குச்சிக்கு மாறினேன், தாளையும் 80க்கு ஏற்றிவிட்டேன்.

தாள் விஷயத்தில், புகளூர் ஆலையில் கரும்புச் சக்கையிலிருந்து வருகிற மேப்லித்தோ அச்சுத்தாள்தான் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். கரும்பு போட்டவன் கதையைக் கரும்புச் சக்கையில் அடிப்பது ஒரு திருப்தி. ஈரோட்டில் எனக்குத் தெரிந்த தாள் கடையில் கட்டுக் கணக்கில்தான் கொடுப்பார்கள். மிச்சத்தை எழுதும் நோட்டாகத் தைத்துவிடலாம், அது தனிக்கதை.

கீழ் அச்சில் ஆங்கில மாதம் வேண்டாம் என்று ஆடி, ஆவணி என்று கையாலேயே தேதி குறித்துக் கொடுத்தேன். வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் ஆகஸ்ட் 15 ஆடி முடிகிற தறுவாயில் விழும். அங்கே ஒரு நெடுங்கோடு போட்டேன், கோட்டுக்கு வலப்பக்கம் கிணறு ஏறுவது அப்பட்டமாகத் தெரிகிறது. இரண்டு லட்சத்து ஏழாயிரம் ஏக்கரைப் பாதி பாதியாகப் பிரித்து முறை வைத்து விடுகிற வாய்க்கால் இது. எங்கள் மடைக்கு முறை இல்லாத போகத்திலும் கிணறு ஏறுகிறதா என்பது அடுத்த படம். பவானிசாகர் அணை மட்டத்தையும், முழுக் கொள்ளளவு 105 அடிக்குக் கோடு போட்டு, மேலே தனி அடுக்காக வைக்கலாம் என்று நேற்றே ஆரம்பித்துவிட்டேன். கையில் இருக்கிற புத்தகம் முடியவில்லை, அதற்குள் இது.

இன்று காலை அப்பா புரூஃபை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். பதினேழாம் பக்கத்தை விரலால் இழுத்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

“இங்க ஏன்டா கோடு அந்து போச்சு?”

“அது டேப்பு கெணத்துக்குள்ள உளுந்த வாரமுங்கப்பா. புது டேப்பு வாங்கற வரைக்கும் அளக்கல.”

அந்த ஒன்பது நாளை எழுதாமல் விட்டிருந்தால் குனுபிளாட் இரு பக்கத்தையும் நேராக இணைத்துவிடும். தரவுக் கோப்பில் அந்த இடத்தில் ஒரு வெற்றுவரி விட்டால் கோடு அறுந்து நிற்கும். பொய்க்கோடு வேண்டாம் என்று நான்தான் வெற்றுவரி விட்டிருந்தேன்.

“அதையும் எழுதிப் போட்டுரு. இல்லாட்டித் தண்ணி வத்திப் போச்சுன்னு பேசுவானுக.”

அறுந்த இடத்துக்கு மேலே ‘டேப் விழுந்த வாரம்’ என்று எட்டுப் பாயிண்டில் சேர்த்து, மறுபடி கர்வ் பண்ணி, மத்தியானம் அனுப்பிவிட்டேன். ‘டேப்’பிலும் ஒரு இரட்டைக்கொம்பு இருக்கிறது. ஐந்தாவது புரூஃப் புதன்கிழமை வரும்.