எட்டு மணி நேரமும் நாலு பந்து ஓவரும்: மெல்பர்னில் ஒரு காலை நடை

மெல்பர்ன் போகிற நம்மவர்கள் பலரும் எம்சிஜி (மெல்பர்ன் கிரிக்கெட் கிரவுண்ட்) மைதானத்துக்கு நேரே டிராம் ஏறிப் போய், ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நகரின் வடக்கே தொழிற்சங்கங்களின் கட்டடமான டிரேட்ஸ் ஹாலில் ஆரம்பித்து நடந்தே போய்ச் சேருங்கள். சுமார் மூன்று கிலோமீட்டர்தான். நின்று நிதானமாகப் பார்த்தால் அரை நாள் ஆகும். 1901-ல் ஆஸ்திரேலியா ஒரே நாடாகும் வரை விக்டோரியா தனி பிரிட்டிஷ் காலனி, மெல்பர்ன் அதன் தலைநகர். ஓய்வு நேரமும் பொது நிலமும் கிடைத்த பிறகே அங்கே விளையாட்டு ஊருக்கே சொந்தமானது. அந்த இரண்டையும் இந்த வழியில் கண்ணால் பார்க்கலாம்.

ரஸ்ஸல் தெருவும் விக்டோரியா தெருவும் சேரும் முனையில், டிரேட்ஸ் ஹாலுக்கு எதிரே ஒரு தூண் நிற்கிறது. உச்சியில் பொன்னிற உருண்டை, மூன்று 8கள். உழைப்பு, பொழுதுபோக்கு, ஓய்வு, ஒவ்வொன்றுக்கும் எட்டு மணி நேரம். 1856 ஏப்ரல் 21-ல் கல்தச்சர்கள் பல்கலைக்கழகக் கட்டுமானத்தில் உளியைக் கீழே வைத்துவிட்டு, நாடாளுமன்றக் கட்டட வேலை நடந்த இடம் வரை ஊர்வலமாகப் போனார்கள். கூலி குறையாமல் எட்டு மணி நேர வேலை கிடைத்தது. எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. தையல் வேலை செய்த பெண்கள் 1882-ல் சங்கம் வைத்து வேலைநிறுத்தம் செய்யும் நிலையில்தான் இருந்தார்கள். அதையும் சேர்த்தே இந்தத் தூணைப் பார்க்க வேண்டும். தூண் 1903-ல் வேறோர் இடத்தில் வைக்கப்பட்டுப் பிறகு இங்கே வந்தது. ஊர்வலம் இங்கிருந்துதான் கிளம்பியது என்று நினைத்துவிடாதீர்கள்.

கிழக்கே சில நிமிடம் நடந்தால் கார்ல்டன் பூங்கா, அதற்குள் 1880 சர்வதேசப் பொருட்காட்சிக்காகக் கட்டிய ராயல் எக்ஸிபிஷன் மாளிகை. ஜோசப் ரீட் வடிவமைத்தது. தங்கச் சுரங்கங்கள் கொடுத்த பணத்தில் ஒரு காலனி தன்னை உலகத்துக்குக் காட்டிக்கொண்ட இடம். ஆஸ்திரேலியாவின் முதல் கூட்டாட்சி நாடாளுமன்றமும் 1901 மே 9-ல் இங்கேதான் கூடியது. குவிமாட நடைபாதையில் ஏற, பக்கத்து அருங்காட்சியகத்தில் டிக்கெட் எடுக்க வேண்டும். உள்ளே தனியார் நிகழ்ச்சி இருந்தால் விடமாட்டார்கள், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து நிக்கல்சன் தெரு வழியாகத் தெற்கே வந்தால் ஸ்பிரிங் தெரு நாடாளுமன்றம். அதன் பின்புறம் ஃபிட்ஸ்ராய் தோட்டத்தைக் கடந்து வெலிங்டன் பரேடைத் தாண்டினால் யர்ரா பூங்கா. கால் வலித்தால் டிராம் ஏறலாம். ஆனால் மைதானப் பக்கத்து நிறுத்தங்கள் இலவச டிராம் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. நகருக்குள் சும்மா ஏறிய பழக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டால் அபராதம்தான்.

மெல்பர்ன் கிரிக்கெட் கிளப் 1838-ல் தொடங்கியது. அதன் பழைய ஆடுகளத்தின் குறுக்கே ரயில் பாதை வரவே, 1853-ல் போலீஸ் குதிரைகள் மேய்ந்த அரசு நிலத்தில் கிளப்புக்கு இடம் கிடைத்தது. அதுதான் இன்றைய எம்சிஜி. கிளப் அடைத்துக்கொண்டது நடுவிலிருந்த வட்டம் மட்டுமே. சுற்றியிருந்த புல்வெளி திறந்தே கிடந்தது. கால்பந்து வளர்ந்தது அந்தப் புல்வெளியில். நாம் ஆடும் கால்பந்து அல்ல, கையாலும் பந்தைப் பிடித்து ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்து. கிரிக்கெட் வீரர் டாம் வில்ஸும் மற்றச் சிலரும் 1859 மே மாதம் எழுதிய விதிகள் மொத்தம் பத்து. எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைப்பது தடை. பந்தைத் தாண்டி முன்னால் போய் நிற்பதைத் தடுக்கும் ஆஃப்சைடு விதியே கிடையாது. கிரிக்கெட் தரை கெட்டுவிடும் என்று வேலிக்குள் விடாததால் வெளியே, மரங்களுக்கு நடுவே ஆடினார்கள்.

1876-ல் கட்டிய மர ஸ்டாண்ட்தான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பொருள். 2,000 பேர் உட்காரலாம். இருக்கையின் முதுகுச் சாய்வைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்: கோடையில் உள்ளே பார்த்துக் கிரிக்கெட், குளிர்காலத்தில் வெளியே பார்த்துக் கால்பந்து. ஒரே பலகை, இரண்டு விளையாட்டு. 1884-ல் எரிந்துபோனது.

அந்த ஸ்டாண்ட் புதிதாக நின்றபோதுதான், 1877 மார்ச் 15-ல், ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் மோதிய, பின்னாளில் முதல் டெஸ்ட் என்று கணக்கில் ஏறிய ஆட்டம் தொடங்கியது. ஓவருக்கு நாலே பந்து. நாள் கணக்கு கிடையாது. முடிவு தெரியும் வரை ஆட வேண்டும். இடையில் வந்த ஞாயிறு ஓய்வு. முதல் பந்தை இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் ஷா போட, ஆஸ்திரேலியாவின் சார்லஸ் பானர்மன் எதிர்கொண்டார். விரலில் அடிபட்டு அவர் வெளியேறும்போது 165. அணியின் மொத்தமே 245, அடுத்த அதிகபட்சம் வெறும் 18! முடிந்துபோன ஓர் இன்னிங்ஸில் இவ்வளவு பெரிய பங்கை வேறு எவரும் இன்னும் எடுக்கவில்லை. இங்கிலாந்து 196, ஆஸ்திரேலியா மறுபடி 104. ஜெயிக்க 154 வேண்டிய இங்கிலாந்தை டாம் கெண்டல் 55 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்து 108-ல் சுருட்டினார். 45 ரன் வெற்றி. 1977-ல் நடந்த நூற்றாண்டு டெஸ்டிலும் அதே 45 ரன். அந்த முதல் ஆட்டத்தில், விக்கெட் கீப்பராக மர்டாக் இல்லை என்று ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் ஸ்போஃபர்த் ஆட மறுத்துவிட்டார். நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா என்று இரண்டு காலனிக்காரர்கள் சேர்ந்த அணி அது. ஆஸ்திரேலியா என்ற நாடு பிறக்க இன்னும் 24 வருடம் இருந்தது. பெயர் ஸ்கோர்கார்டில் முதலில் வந்துவிட்டது.

உள்ளே போனால் 1877-ன் சுவர் ஒன்றையும் தேடாதீர்கள், எதுவும் மிச்சமில்லை. பிட்சும் இப்போது வேறிடத்தில் தயாரித்துக் கொண்டுவந்து இறக்குவது. மாறாதது இடம் மட்டுமே. ஆட்டம் உள்ள நாளில் சுற்றிக்காட்டும் வழக்கம் இல்லை. மற்ற நாட்களில் விளையாட்டு அருங்காட்சியகத்தையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக எடுப்பது நல்லது.

வெளியே வந்ததும் யர்ரா பூங்காவில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பட்டை உரித்த நீண்ட வடு உள்ள இரண்டு பழைய ‘ரெட் கம்’ வகை யூகலிப்டஸ் மரங்களைத் தேடுங்கள். இந்த மண்ணின் பூர்வகுடிகள் படகு போன்றவற்றுக்காகப் பட்டை எடுத்த தழும்பு. நின்று பார்க்காமல் கடந்து போகிறவர்கள்தான் அதிகம்.

இந்த மைதானத்தில் 1866 டிசம்பர் 26-ல் பூர்வகுடி அணி ஆடியது. பயிற்சி கொடுத்தவர் அதே டாம் வில்ஸ். 1868-ல் பூர்வகுடி வீரர்கள் இங்கிலாந்து போய் 47 ஆட்டங்கள் ஆடினார்கள்: 14 வெற்றி, 14 தோல்வி, 19 டிரா. வெள்ளையர் அணி எதுவும் ஆஸ்திரேலியாவிலிருந்து அங்கே போவதற்குப் பத்து வருடம் முந்தியது அது. ஜானி முல்லாக் அந்த அணியின் பெரிய ஆட்டக்காரர். மறு வருடமே விக்டோரியா ஒரு சட்டம் போட்டு, பூர்வகுடிகளை அரசின் அனுமதி இல்லாமல் காலனிக்கு வெளியே கூட்டிப் போகக் கூடாது என்றது. இன்னொரு பயணத்துக்கு வழியே இல்லாமல் போனது.

பெரிய ஆட்ட நாளில் இந்தப் புல்வெளியில் பெரும்பகுதி கார் நிறுத்தமாகிவிடுவது உண்டு, மரங்களுக்குப் பக்கத்தில் போகவே சிரமம். ஆட்டம் இல்லாத காலையில் வாருங்கள். பார்த்து முடித்தபின் ஜாலிமாண்ட் ரயில் நிலையம் சில நிமிட நடை.