ஓலை காயிறதுக்குள்ள

எங்கட பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ அக்கா எண்டு செயலாளர் தம்பி ஒவ்வொரு வருசமும் கேக்கிறவர், நானும் பாப்பம் பாப்பம் எண்டு தள்ளிக்கொண்டே வந்தன். போன மாசியில எங்கட பட்ச் வட்ஸ்அப் குறூப்பில கைப்பணி ரீச்சர் காலமாகீட்டா எண்டு போட்டிருந்தினம். இந்தமுறை எழுதத்தான் வேணும் எண்டு அண்டைக்கே நினைச்சிட்டன்.

பேர் போடத் தேவையில்லை, யாழ்ப்பாணத்துப் பக்கத்துத் தீவான புங்குடுதீவில படிச்ச எங்கட ஆக்களுக்கு ஆளைத் தெரியும். வாணர் பாலத்தால வாற காலமை பஸ்ஸில வந்து இறங்குவா, ஒரு கையில குடை, மற்றக் கக்கத்தில ஈரச்சாக்கில சுத்தின பனையோலைக் கட்டு. மழைக்கும் வெயிலுக்கும் அந்தக் குடை ஓலைக்குத்தான் பிடிச்சிருக்கும், அவவுக்கில்லை.

அந்த ஓலையை முதல்நாளே வீட்டில ஆயத்தப்படுத்தி வச்சிருப்பா. குருத்தோலையை வெயிலில காயவிட்டு, ஈர்க்கைக் கழட்டி, சத்தகம் எண்ட ஓலை வார்ற சின்னக் கத்தியால ஒரே அகலத்துக்கு வார்ந்து, கொஞ்சத்தைச் சிவப்பும் பச்சையுமா சாயத்தில அவிச்சு, பிறகு எங்களுக்கு எண்டு திருப்பி நனைச்சு எடுத்துக்கொண்டு வருவா. நனைஞ்ச ஓலை துணி மாதிரி வளையும், காஞ்சிட்டா மடிக்கிற இடத்தில பட்டெண்டு வெடிக்கும். அதால அவவின்ர பாடத்துக்கு மணிக்கூடு சுவரில இல்லை, ஓலையிலதான்.

ஆனா அந்தப் பாடத்துக்குப் பள்ளிக்கூடத்தில இருந்த மரியாதை உங்களுக்குத் தெரியும்தானே. ஸ்கொலசிப் சோதினை வருது எண்டா கைப்பணிப் பாடம் கணக்குக்குப் போகும், இன்ஸ்பெக்டர் வாறார் எண்டா அதுவும் போகும். அவ ஒரு சொல்லும் சொல்லமாட்டா, ஓலைக்கட்டை மடியில வச்சுக்கொண்டு விறாந்தைக் கட்டில இருப்பா, இடைக்கிடை சாக்கில தண்ணி தெளிப்பா. பள்ளிக்கூடம் விட்ட பிறகு, விருப்பமான பிள்ளையள் வாங்கோ ஓலை காயிறதுக்குள்ள ஒண்டு செய்வம் எண்டு கூப்பிடுவா. வேப்பமரத்துக்குக் கீழ சுத்தி இருந்து நாங்கள் படிச்சது முழுக்க அப்பிடிக் கிடைச்ச நேரத்திலதான். 1978இல பனை அபிவிருத்திச் சபை வந்து பனம்பொருளுக்கு ஒரு பேர் கிடைச்சபிறகாவது பாடத்தைத் தனியா விடுவினம் எண்டு நம்பியிருந்தவ. விடேல்ல. அது எனக்கு இண்டைக்கும் ஆறேல்ல.

சின்னாக்களுக்கு முதல் காத்தாடி. நடுவில உடைமுள்ளு ஒண்டைக் குத்திப்போட்டு குறிகட்டுவான் இறங்குதுறைப் பக்கம் பாத்து ஓடினா கடல்காத்துக்கு விர்ரெண்டு சுத்தும். பிறகு கிலுக்கு, உள்ளுக்க பொடிக்கல்லுப் போட்டது. அதுக்குப் பிறகுதான் நாலோலைப் பூட்டு. நாலு ஓலையையும் ரெண்டா மடிச்சு, ஒண்டின்ர மடிப்புக்குள்ள மற்றதின்ர வாலை விட்டுக்கொண்டு போகவேணும், நாலாவதின்ர வால் முதலாவதின்ர மடிப்புக்குள்ள போனாத்தான் பூட்டு விழும். எல்லாரும் அந்தக் கடைசி இடத்தில ஒரு வாலைப் பிடிச்சு இழுப்பம். உடனே கையைப் பிடிச்சிடுவா. "ஒண்டை மட்டும் இழுக்காதை பிள்ளை, நாலையும் கொஞ்சம் கொஞ்சமா சேத்துக்கொண்டு வா" எண்டு சொல்லிச் சொல்லி எங்கட விரலுக்கு மேல தன்ர விரலை வச்சு இறுக்குவா. சத்தகம் பிடிச்சுக் காய்ச்ச விரல், சரியான சொரசொரப்பு. ஆனா ஓலையில ஒரு கீறல் விழாது.

இங்க ரொரன்ரோவில சமர் காம்புக்குப் போன பேத்தி "ஐலண்ட் வீக்" எண்டு ஒரு தென்னைமரம் செய்துகொண்டு வந்தவ. பேப்பர் றோல்தான் மரம், பச்சைக் கடதாசியில ஓரம் வெட்டின ஓலை, பிறவுண் பொம்பொம் தேங்காய். வடிவாத்தான் இருந்தது, பிள்ளை பாடுபட்டுச் செய்திருக்கு. அம்மம்மா உங்கட ஐலண்டும் இப்பிடியோ எண்டு கேட்டா. எங்கட தீவில உயரத்துக்கு நிக்கிறது பனை, ஒருத்தரும் தண்ணி ஊத்தாமலே வளந்த மரம், அதின்ர ஓலை இப்பிடிப் பிரிஞ்சு தொங்காது எண்டு சொல்லி, ஒரு கடதாசியை விசிறி மாதிரி மாறி மாறி மடிச்சு, அடியை முடிஞ்சு விரிச்சுக் காட்டினன். உடனே பிடிச்சிட்டா. அந்த மரத்துக்குப் பக்கத்தில இப்ப ஒரு பனையும் நிக்குது.

பிறகு உண்மையான ஓலை வேணுமெண்டு கரைச்சல். குருத்தோலை ஞாயிறுக்குக் கோயிலில குடுக்கிற ஓலை மிஞ்சினதைப் பங்குத்தந்தையிட்டக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தன். அது எங்கட பனையில்லை, ஆனாலும் ஓலைதான். நனைச்ச துவாயில இரவு முழுக்கச் சுத்தி வச்சா காலமை நல்லா வளைஞ்சு குடுக்குது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளையளுக்கும் அதைத்தான் பழக்கினன். சின்னனுகளுக்கு அகலமா வார்ந்து குடுங்கோ, மெல்லிசெண்டா கெதியில கிழிஞ்சு பிள்ளை மனம் விட்டிடும். சத்தகம் வேண்டாம், பெரியாக்கள் வெட்டிக் குடுங்கோ. ஓலை கிடைக்காட்டி ரிப்பனிலயும் நாலோலைப் பூட்டு வரும், ஆனா ஓலையின்ர மணமும் அது மடியேக்க வாற சத்தமும் வராது, அதுதான் பிள்ளையளுக்கு விருப்பம்.

1990களின்ர தொடக்கத்தில தீவே இடம்பெயர்ந்தபோது ரீச்சரும் வெளிக்கிட்டு அலைஞ்சு, பிறகு ஒருமாதிரி ஊருக்கே திரும்பிப் போய் இருந்தவ. திரும்பிப் போகாதது நாங்கள்தான். வெளிநாட்டுக்குப் போறதுக்கு எது உதவுமோ அதைத்தான் படிப்பு எண்டு எங்களுக்குச் சொன்னவை, நாங்களும் அதைப் படிச்சுத்தான் வந்தனாங்கள், நல்லாத்தான் இருக்கிறம். ஆனா பேத்தி கேக்கிற நேரம் என்ர கையில குடுக்க இருந்தது அந்த விறாந்தைக் கட்டில காத்திருந்த மனுசி தந்தது மட்டும்தான்.

மூடி போட்ட பெட்டி இழைக்க, விளிம்பு மடிச்சுக் கட்ட, பெரிய வகுப்புக்கு வந்தாப்பிறகு பழக்குறன் எண்டு சொன்னவ. அதுக்கு முன்னம் நான் வெளிக்கிட்டிட்டன். எனக்குப் பிறகு படிச்ச ஆக்களில அவவிட்ட அதைப் பழகினவை ஆரும் இருந்தா தயவுசெய்து சங்கத்துக்கு அறிவியுங்கோ, வந்து இருந்து பழக நான் தயார். சங்கம் இந்தவருசம் பள்ளிக்கூடத்துக்கு ஏதும் செய்யிறதெண்டா ஊரில இன்னும் பெட்டி இழைக்கிற அம்மாமாரில ஒராளைக் கூலி குடுத்துக் கூப்பிட்டு, கிழமைக்கு ஒரு பாடம், கணக்குக்குக் கடன் குடுக்காத ஒரு பாடம், அவவின்ர பேரில நடத்த ஏலுமோ எண்டு நிர்வாகம் யோசிக்கவேணும். முதல் காசு நான் தாறன்.