இரண்டு பெல்ட் மாற்றியும் நிற்காத கீச்சொலி

காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் ஐந்து வினாடி அலறும், பிறகு அடங்கிவிடும். முதல் மாதம் அவ்வளவுதான். மழை பெய்த மறுநாள் அந்த ஐந்து பத்தாகும். அடுத்த மாதம் ஏசியைப் போட்டாலும் கத்தத் தொடங்கியது. என் மகன் பின்சீட்டில் உட்கார்ந்து, சாவியைத் திருப்புவதற்கு முன்பே காதைப் பொத்திக்கொள்வான்.

பட்டறையில் பானட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார்கள். "பெல்ட் போய்விட்டது மேடம்" என்றார்கள். எஞ்சினின் சுழற்சியை ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரெசர் போன்றவற்றுக்குக் கடத்தும் ரப்பர் பட்டை அது. கார் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்ததால் நானும் நம்பினேன். புதிய பெல்ட் போட்டதும் சத்தம் நின்றது. மூன்று வாரம் நிம்மதி. நான்காவது வாரம் அதே அலறல். இன்னொரு பட்டறையில் பெல்ட்டின்மேல் ஏதோ பிசுபிசுப்பான ஸ்பிரேயை அடித்து அனுப்பினார்கள். அது இரண்டு நாள் தாங்கியது. திரும்பப் போனேன். மறுபடியும் ஒரு புதிய பெல்ட், மறுபடியும் ஒரு மாதம்.

ஆறு மாதத்தில் இரண்டு பெல்ட். கழற்றிய இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது பெல்ட்டில் ஒரு விரிசல்கூட இல்லை. உட்பக்கம் நீளவாக்கில் மேடாக ஓடும் வரிகளின் ஓரங்கள் மட்டும் கண்ணாடி போலப் பளபளத்தன. ஒரு மாதமே ஆன ரப்பர் இப்படி மினுமினுப்பதற்கு அந்த ரப்பர் காரணமாக இருக்க முடியாது என்று அப்போதுதான் உறைத்தது. கத்துவது பெல்ட்தான்; ஆனால் அதைக் கத்தவைப்பது வேறு ஏதோ.

அன்று மாலை அப்பாவுக்குப் போன் செய்தேன். தன் கார்களை எல்லாம் தானே பழுது பார்த்தவர் அவர். போனைப் பானட்டுக்கு அருகில் பிடிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி: "நீட்டி அழுகிறதா, இல்லை விட்டு விட்டுக் கொத்துகிறதா?"

இந்தக் கேள்வியை எந்தப் பட்டறையிலும் என்னிடம் யாரும் கேட்கவில்லை. பாதி நோயறிதல் இதிலேயே முடிந்துவிடுகிறது. நீட்டி அழும் சத்தம், எஞ்சினை உறுமவிட்டால் கூடவே ஏறும் சத்தம், பெல்ட் தான் சுற்றி ஓடும் சக்கரத்தை, அதாவது புல்லியை, பிடிக்க முடியாமல் வழுக்குவதால் வருவது. குருவி கத்துவதுபோல் சீராக விட்டு விட்டு வருவது பெரும்பாலும் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாததால். பெல்ட் ஒவ்வொரு சுற்றிலும் சற்றுக் கோணலாகப் புல்லியின் பள்ளத்துக்குள் நுழையும்போது வரிகளின் பக்கங்கள் உரசி எழுப்புகிற ஒலி அது. இரண்டும் காதுக்கு எரிச்சல்தான், மருந்து மட்டும் வேறு வேறு. இவை தவிர, உறுமலாகவோ மணல் அரைபடுவதுபோலவோ கேட்டால் அது பேரிங்.

என்னுடையது நீட்டி அழுதது. "அப்படியானால் சுமை ஏற்றிப் பார்" என்றார் அப்பா. எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டேன். முகப்பு விளக்கு, பின்கண்ணாடியைச் சூடாக்கும் கம்பி, உள்ளே காற்றடிக்கும் ஊதியை முழு வேகத்தில், கடைசியாக ஏசி. கம்ப்ரெசர் 'டக்' என்று பிடித்த அதே நொடியில் அலறல். என் காரில் ஸ்டீயரிங் மோட்டாரால் இயங்குவது. அதனால் அந்தப் பக்கம் பெல்ட்டுக்கு வேலை இல்லை. ஹைட்ராலிக் ஸ்டீயரிங் உள்ள கார் என்றால் நிறுத்தி வைத்தபடியே கடைசி வரை ஒடித்துப் பார்க்க வேண்டும். அங்கே கத்தினாலும் பொருள் ஒன்றுதான்: சுமை ஏறும்போது பெல்ட் வழுக்குகிறது.

காலையில் ஏன் முதலில் கத்தியது என்பதும் இதனால் விளங்கியது. ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி இழந்ததை, மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் உடனே நிரப்பத் தொடங்குகிறது; அந்தச் சில நொடிகளில் அதைச் சுழற்றக் கூடுதல் வலு தேவை. இரவுப் பனியின் ஈரமும் சேர்ந்துகொண்டால் பிடி இன்னும் குறைகிறது. பிறகு பேட்டரி நிறைகிறது, பெல்ட் சூடாகி உலர்கிறது, சத்தம் அடங்குகிறது. அடங்கியதால் சரியாகிவிட்டது என்று முதல் மாதம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. இதை யாரும் செய்யலாம். ஆனால் ஓடும் எஞ்சின் அருகே கை போகிற வேலை என்பதால் எச்சரிக்கை வேண்டும். தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன், துப்பட்டாவைக் கழற்றி வைத்தேன், மகனை வாசல்படி தாண்டக் கூடாது என்று நிறுத்தினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எட்ட நின்று, செடிக்குத் தெளிக்கும் புட்டியால் பெல்ட்டின் வரியுள்ள பக்கத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் அடித்தேன். தண்ணீர் பட்டதும் சத்தம் காணாமல் போய், சிறிது நேரத்தில் திரும்பி வந்தால் புல்லிகளின் நேர்கோட்டில் பிசகு. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட்டில் இறுக்கம் போதவில்லை. என்னுடையது கூடியது; சாதாரணமாக அல்ல, பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும் அளவுக்கு.

இறுக்கம் போதவில்லை என்றால், இறுக்குவது யார்? அப்பாவின் பழைய கார்களில் அந்த வேலை மனிதருடையது. ஆல்டர்னேட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, கடப்பாரைபோல் ஒரு கம்பியால் நெம்பி, வி பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் அமுங்குகிறதா என்று பார்த்து, மீண்டும் முடுக்க வேண்டும். கூடுதலாக இறுக்கினால் பேரிங்குகள் சாகும். இன்றைய கார்களில் பெரும்பாலும் ஒரே நீளப் பட்டை பெல்ட் பாம்புபோல் வளைந்து வளைந்து எல்லாப் புல்லிகளையும் சுற்றி ஓடுகிறது. அதை இறுக்கிப் பிடிக்க ஸ்பிரிங் வைத்த ஒரு கை இருக்கிறது, அதன் நுனியில் ஒரு சிறு புல்லி. அதுதான் டென்ஷனர். தானாகவே இறுக்கிக்கொள்ளும் என்பதாலேயே அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெல்ட்டோடு அதுவும் அதே தூரம்தான் ஓடியிருக்கிறது என்பது ஏனோ நினைவுக்கு வருவதில்லை.

டார்ச்சை அடித்து அந்தக் கையைப் பார்த்தேன். எஞ்சின் சும்மா ஓடும்போது அது மிக லேசாக அசையலாம். என்னுடையது குளிரில் நடுங்கும் கைபோல் துடித்துக்கொண்டிருந்தது. எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன். கை சுழலும் மூட்டிலிருந்து செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய தூள் வழிந்து, அடியில் உள்ள அலுமினியத்தில் கண்மைக் கோடுபோல் படிந்திருந்தது. விரலால் தொட்டால் மாவுபோல் ஒட்டியது. துரு. உள்ளே உலோகம் உலோகத்தோடு தேய்ந்து வெளியே தள்ளிய துரு. அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது கோபம்தான். இரண்டு முறை பெல்ட் மாற்றியவர்களின் கை இந்த இடத்தைத் தாண்டித்தான் போயிருக்கும். டென்ஷனரைத் தளர்த்தாமல் பெல்ட்டைக் கழற்றவே முடியாது.

பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றினேன். பெல்ட் ஓடும் பாதையைப் படம் எடுத்தேன், தாளிலும் வரைந்துகொண்டேன். பானட்டின் அடியில் அந்தப் படம் ஒட்டியிருப்பார்கள். என் காரில் அது பாதி உரிந்துவிட்டது. நீளமான ராட்செட் ஸ்பேனரை மாட்டி டென்ஷனரைத் திருப்பியபோது, இவ்வளவு எளிதாகத் திரும்பக் கூடாதே என்று தோன்றியது. பாதி வழியில் ஓர் இடத்தில் சிக்கி, பிறகு சட்டென்று விட்டது. நல்ல டென்ஷனர் முழு வீச்சிலும் ஒரே சீராக எதிர்க்கும்.

பெல்ட்டை எடுத்த பிறகு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிவிட்டேன். இந்த ஒரு நிமிட வேலையைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள். பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டுமே உள்ள ஐட்லர் புல்லி ஒன்றிரண்டு சுற்றில் நின்றது. உள்ளே கிரீஸ் இருக்கிறது என்று அர்த்தம். டென்ஷனரின் புல்லியோ சைக்கிள் சக்கரம்போல் நிற்காமல் ஓடியது, கூடவே சரசரவென்று ஒலி. லேசாகச் சுற்றுவது நல்லது என்று எனக்குத் தோன்றியது. "கிரீஸ் வற்றிப்போன பேரிங்தான் அப்படி ஓடும்" என்றார் அப்பா. விளிம்பைப் பிடித்து ஆட்டினால் ஆடியது வேறு. வாட்டர் பம்பில் ஆட்டம் இல்லை, அதன் அடியில் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் வழிந்த தடமும் இல்லை. எங்கும் எண்ணெய்க் கசிவு இல்லை. இருந்திருந்தால் அதை முதலில் அடைக்க வேண்டும். எண்ணெயோ கூலண்டோ குடித்த பெல்ட்டைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

பெல்ட்டைப் பார்த்து எடைபோடுவது பற்றியும் ஒரு வார்த்தை. பழைய நியோபிரீன் ரப்பர் பெல்ட்டுகள் வயதானால் குறுக்கே விரிசல் விடும். இப்போது பரவலாக உள்ள இபிடிஎம் ரப்பர் அவ்வளவு எளிதில் விரிசல் விடாது. டயர்போல் மெல்ல மெல்லத் தேயும். பள்ளங்கள் அகன்று, பெல்ட் புல்லிக்குள் ஆழமாக இறங்கி, பக்கவாட்டுப் பிடி போய்விடும். கண்ணுக்குப் புதிதாகத் தெரிந்தாலும் தேய்ந்து போயிருக்கலாம். இதை அளக்கச் சிறு பிளாஸ்டிக் அளவுகோல் உண்டு. பெல்ட்டின் முதுகில் உள்ள எண்ணையும் படியுங்கள். 6 பிகே 1045 என்றால் ஆறு வரி, 1045 மில்லிமீட்டர் நீளம். பத்து மில்லிமீட்டர் நீளமான பெல்ட்டைப் போட்டாலே டென்ஷனரின் வீச்சு போதாமல் போகலாம். எனக்கு மாட்டியிருந்த எண் சரியாகவே இருந்தது.

புதிய பெல்ட் போட்டதும் ஏன் சில வாரம் சத்தம் நின்றது? புதிய ரப்பருக்கு நல்ல பிடி. குறைந்த இறுக்கத்திலும் சமாளித்தது. கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி, வழுக்கிய சூட்டில் ஓரங்கள் மினுமினுத்து, பிடி போனதும் மீண்டும் அலறியது.

டென்ஷனரைப் புல்லியோடு முழுசாக மாற்ற முடிவு செய்தேன். பாகம் வருவதற்குள் புல்லிகளைச் சுத்தம் செய்தேன். இந்த வேலையில் என் ஒரு மாலை முழுதும் போனது. அந்த ஸ்பிரேயின் எச்சம், எஞ்சின் நேரடியாகச் சுழற்றும் கிராங்க் புல்லியின் பள்ளங்களில் கருந்தார்போல் இறுகி, அதில் ரப்பர் தூளும் மண்ணும் ஒட்டிக் கிடந்தன. பிரேக் சுத்தம் செய்யும் திரவத்தைத் துணியில் நனைத்து, பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு பள்ளமாகத் தேய்த்தேன். ஒரு பள்ளத்தில் கடுகளவு கல் ஒன்று சிக்கியிருந்தது. குண்டூசியால் நெம்பி எடுத்தேன். அந்தக் கல் அங்கேயே இருந்தால் புதிய பெல்ட்டின் அந்த வரியை முதல் நாளே அறுக்கத் தொடங்கியிருக்கும். பெல்ட் வழுக்கினால் ஸ்பிரே அடிக்காதீர்கள். அது நோயை மறைக்கும், குப்பையைச் சேர்க்கும், வேறு எதுவும் செய்யாது.

புதிய டென்ஷனரை ராட்செட்டால் திருப்பியபோது உடம்பின் பாரத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. பழையதோடு ஒப்பிட்டால் அந்த வித்தியாசம் தோளிலேயே தெரிந்தது. போல்ட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு முடுக்கினேன். மினுமினுத்த பெல்ட்டை ஒதுக்கிவிட்டுப் புதியதை மாட்டினேன். வரியுள்ள பக்கம் பள்ளமுள்ள புல்லிகளிலும் வழுவழுப்பான முதுகு வழுவழுப்பான புல்லிகளிலும் உட்கார வேண்டும். முதல் முறை கம்ப்ரெசர் புல்லியில் ஒரு வரி வெளியே தள்ளி உட்கார்ந்துவிட்டது. மேலிருந்து பார்த்தபோது எல்லாம் சரியாகவே தெரிந்தது. சிறு கண்ணாடியை அடியில் நீட்டி டார்ச் அடித்தபோதுதான் ஓரத்தில் துருத்திய அந்த ஒரு வரி கண்ணில் பட்டது. அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் பெல்ட் கிழிந்திருக்கும். மீண்டும் தளர்த்தி, உட்காரவைத்து, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு எஞ்சினை அது ஓடும் திசையிலேயே கையால் இரண்டு சுற்று சுற்றி, எல்லாப் புல்லியையும் மறுபடி பார்த்தேன்.

உங்கள் கார் இப்போது கத்திக்கொண்டிருந்தால் நாள் கடத்த வேண்டாம். பெல்ட் அறுந்தால் முதலில் பேட்டரி விளக்கு எரியும். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடுகிற எஞ்சின் என்றால் சில நிமிடங்களில் சூடு ஏறிவிடும். அந்த நிலையில் வீடு வரை ஓட்டிவிடலாம் என்று எண்ணாமல் உடனே ஓரம் கட்டுங்கள்.

மறுநாள் அதிகாலை மழை. பானட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தேன். முகப்பு விளக்கு, ஊதி, ஏசி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டேன். கம்ப்ரெசர் 'டக்' என்று பிடித்தது. டென்ஷனரின் கை ஓர் இழை நகர்ந்து அப்படியே நின்றது. அப்பா போனில் கேட்டுக்கொண்டிருந்தார். "ஸ்டார்ட் செய்துவிட்டாயா?" என்றார். "செய்து இரண்டு நிமிடம் ஆகிறது அப்பா" என்றேன்.