சீட்டில் இருக்கிறது, கணக்கில் இல்லை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை லோரியில் வேலை செய்யும் தம்பி ஒருவன் நேற்று கைப்பேசியை நீட்டினான். சம்பளச் சீட்டில் மாதா மாதம் சேமநிதிக்கு (இபிஎஃப்) 187 வெள்ளி (ரிங்கிட்) பிடித்தம். சேமநிதியின் இணையக் கணக்கான ஐ-அக்கவுனில் பார்த்தால் மார்ச்சுக்குப் பிறகு ஒரு காசு ஏறவில்லை.

1,700 வெள்ளி சம்பளத்துக்குத் தொழிலாளி பங்கு 11%, முதலாளி பங்கு 13%, அதாவது 221 வெள்ளி. இரண்டையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் முதலாளி கட்டிவிட வேண்டும். தன் பங்கைக் கட்டாததே தப்பு. இந்தத் தம்பியின் முதலாளியோ அவனிடம் பிடித்த காசையும் வைத்துக்கொண்டார். 1991ஆம் ஆண்டு சேமநிதிச் சட்டப்படி சிறைவரை போகும் குற்றம் இது.

கேட்டால் "வியாபாரம் டல்லு, அடுத்த மாசம் பார்ப்போம்" என்கிறாராம். இந்த வருஷத் திருவிழா அன்னதானம் அவர் உபயம்தான், பேனரில் படமும் இருந்தது. (சாம்பார் நன்றாகத்தான் இருந்தது, அது வேறு கதை.)

சீட்டுகளைப் படமெடுத்து வை, ஈப்போவில் சேமநிதி அலுவலகத்தில் புகார் கொடு என்றேன். "நம்ம ஆளாச்சே அண்ணே" என்று தயங்குகிறான். உடன் வேலை செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். சொக்சோவையும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) சேர்த்து.