ஜெர்மனியில் ஃபீஸ் இல்லை, சரி. அந்தப் பன்னிரண்டு லட்சம்?

புதுச்சேரியில் எந்தக் கன்சல்டன்சியில் கேட்டாலும் "ஜெர்மனியில் படிப்பு ஃப்ரீ தம்பி" என்பார்கள். பொய் இல்லை. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் ட்யூஷன் ஃபீஸ் கிடையாது (பாடன் வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள், மியூனிக் டெக்னிக்கல் பல்கலையும் இப்போது வாங்குகிறது). என்னை மாதிரி கடலூர்க்காரனுக்குப் பிரச்சினை ஃபீஸ் இல்லை, ஃப்ளைட் ஏறுவதற்கு முன்னால் புரட்ட வேண்டிய பணம்.

விசா வேண்டுமென்றால் பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற கணக்கு) ஒரு வருடச் செலவுக்கான 11,904 யூரோவைப் போட்டுக் காட்ட வேண்டும். யூரோ நூறு ரூபாய் என்று வைத்தாலே கிட்டத்தட்ட பன்னிரண்டு லட்சம். நம் பணம்தான், அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக நமக்கே வரும், ஆனால் முதலில் மொத்தமாக இருக்க வேண்டுமே! அதற்கும் முன்னாடி நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய், ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, விண்ணப்பக் கட்டணம் என்று கையிலிருந்து போவது தனி.

கல்விக் கடன் வாங்கலாமே என்பீர்கள். பொதுத்துறை வங்கிகள் வழக்கமாக ஏழரை லட்சம் வரைதான் சொத்து அடமானம் இல்லாமல் தரும். அதற்கு மேல் பத்திரம் கேட்பார்கள், கூடவே வில்லங்கச் சான்று, வக்கீல் ஒப்பீனியன், மதிப்பீட்டாளர் கட்டணம், எல்லாம் நம் செலவு. பண்ருட்டிப் பக்கம் எங்களுக்கு முந்திரித் தோப்பு இருக்கிறது, அப்பா தைரியமாக அந்தப் பட்டாவை எடுத்துக்கொண்டு வந்தார். மேனேஜர் பார்த்துவிட்டு "விவசாய நிலம் வேண்டாம் சார், வீடோ மனையோ இருந்தால் கொண்டு வாங்க" என்றார். கோபம் வந்தது, ஆனால் காரணம் இருக்கிறது. கடன் திரும்பி வராவிட்டால் கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை விற்க வங்கிக்கு அதிகாரம் தருகிற 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது. பல ஏக்கர் தோப்பைவிட டவுனில் ஒரு சின்ன மனைக்கு மதிப்பு அதிகம் என்பது இப்படித்தான்.

சொத்து கேட்காத தனியார் நிதி நிறுவனங்களும் இருக்கின்றன. வட்டி அதிகம், படிக்கும்போதே வட்டி கட்டச் சொல்பவையும் உண்டு. அப்புறம், எந்த இடத்தில் வாங்கினாலும் ஒன்றை முதல் நாளே கேளுங்கள்: விசாவுக்கு முன்னாடியே பணம் விடுவிப்பார்களா? விசா வந்தால்தான் பணம் என்று சில இடங்களில் சொல்கிறார்கள், பணம் இருந்தால்தான் விசா என்கிறது தூதரகம், நடுவில் நாம் நிற்க வேண்டியதுதான். போய்ப் பார்ட் டைம் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கும் இங்கே உதவாது. வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம், ஆனால் நாளை வரப்போகும் சம்பளத்தை இன்று விசாவுக்குக் காட்ட முடியாது.

இதனால்தான் என் பார்வை பிரான்ஸ் பக்கம் திரும்பியது. அரசுப் பல்கலையில் மாஸ்டர்ஸ் ஃபீஸ் வருடத்துக்குச் சுமார் 3,900 யூரோ, இலவசம் இல்லைதான். ஆனால் விசாவுக்குக் காட்ட வேண்டியது மாதம் 615 யூரோ, பணத்தைக் கொண்டுபோய்ப் பூட்டி வைக்கவும் வேண்டாம். ஒரு வருடத்துக்கு ரெண்டையும் கூட்டினாலும் ஜெர்மனிக்காரர்கள் கேட்பதைவிடக் கொஞ்சம் குறைவுதான். குறைந்த ஃபீஸ் படிப்புகள் நிறைய பிரெஞ்சு மொழியில்தான் இருக்கின்றன, பி2 அளவு (ஓரளவு சரளமாகப் பேசி எழுதும் நிலை) கேட்பார்கள். கடலூரிலிருந்து பஸ் ஏறினால் புதுச்சேரியில் பிரெஞ்சு சொல்லித்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் வாசல். இந்த செமஸ்டர் முடிந்ததும் ஏ1 என்ற ஆரம்ப நிலை வகுப்பில் சேரலாம் என்றிருக்கிறேன், அப்பாவும் பட்டாவை பீரோவில் வைத்துவிட்டார்.